நாற்பது கிலோமீற்றரில் நின்றுபோகும் பழைய பைக்: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தம்பி கேட்டது இது. 90களில் வந்த கவாசாகி இசட்.இசட்.ஆர் 250 ஒன்றை வாங்கியிருக்கிறார். இரட்டைச் சிலிண்டர், தண்ணீரால் குளிரும் என்ஜின், இரண்டு காபரேட்டர். முந்தைய சொந்தக்காரர் கடற்கரைப் பக்கத்து வீட்டில் இரண்டு வருடமாகத் தகரக் கொட்டிலுக்குள் போட்டு வைத்திருந்தாராம். மட்டக்களப்பு டவுனுக்குள் ஓடும்போது பிரச்சினை இல்லை. தெற்கே விட்டால் அக்கரைப்பற்றைத் தாண்டும் நேரத்தில் இழுவை குறைந்து, இருமி இருமி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றும் நடக்காதது போலத் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது. டேங்க் நிறைய பெற்றோல் அடித்த நாளில் இன்னும் சீக்கிரமாக நிற்கிறது. இதற்கிடையில் வாரம் ஒருமுறை பற்றரியும் இறங்கிவிடுகிறது. ஒரு கராஜில் பிளக்கும், அதற்குப் பொறி மின்சாரம் கொடுக்கும் கொயிலும் மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் "என்ஜின் இறக்கவேணும்" என்றார்கள். சித்திரை விடுமுறையில் பொத்துவில், மொனராகலை வழியாக எல்ல போக இருக்கிறார். என்ன செய்யலாம்?

தம்பி, முதலில் என்ஜினை இறக்க விடாதீர்கள். குளிரில் செல்ஃப் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகி, நாற்பது கிலோமீற்றர் முழு இழுவையோடு ஓடி, நின்ற பிறகு கால் மணி நேரத்தில் தானாகவே குணமாகிற என்ஜினுக்குள் பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்திருக்க வழியில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான், நிழலில் நிறுத்தினால் வளராது. தானாக வந்து தானாகப் போகிற கோளாறு என்றால் பெற்றோல் வருவது தடைப்படுகிறது, இல்லாவிட்டால் சூட்டில் மின்சாரம் எங்கோ அறுகிறது. உங்கள் கேள்வியிலேயே நல்ல துப்பு ஒன்று இருக்கிறது: டேங்க் நிறைந்திருந்தால் சீக்கிரம் நிற்கிறது. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

பெற்றோல் கீழே இறங்க இறங்க, இறங்கிய இடத்தை நிரப்ப டேங்குக்குள் காற்று வரவேண்டும். அந்தக் காற்று மூடியில் உள்ள ஒரு சிறிய துவாரத்தால்தான் வருகிறது. அது அடைபட்டால் உள்ளே வெற்றிடம் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பெற்றோலைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். டேங்க் பாதியாக இருந்தால் உள்ளே நிறையக் காற்று இருக்கிறது, வெற்றிடம் மெதுவாகத்தான் கூடும். கழுத்துவரை நிரப்பியிருந்தால் விரிவதற்குக் காற்றே இல்லை. அதனால் சீக்கிரம் நிற்கும். டவுனுக்குள் மெதுவாக ஓடும்போது பெற்றோல் கொஞ்சம்தான் இறங்குகிறது, இடைக்கிடை நிறுத்தியும் விடுகிறீர்கள். அங்கே தெரியாது. கால் மணி நேரத்தில் காற்று மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே போய்விடுவதால் திரும்ப ஓடுகிறது. எல்லாம் பொருந்துகிறது, பார்த்தீர்களா?

எனக்கு இது கோமாரியைத் தாண்டியதும் ஒரு மத்தியான வெயிலில் நடந்தது. பிளக்கைக் கழற்றினேன், ஃபியூஸ் பார்த்தேன், வயர்களை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். பெற்றோல் இருக்கிறதா என்று பார்ப்போம் என்று கடைசியில்தான் மூடியைத் திறந்தேன். சோடாப் போத்தல் திறந்த மாதிரி "உஸ்" என்று ஒரு சத்தம். அதோடு பைக் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அன்றிலிருந்து நடுறோட்டில் பைக் நின்றால் என் கை முதலில் டேங்க் மூடிக்குத்தான் போகும்.

ஆகவே அடுத்தமுறை நின்றவுடன், வேறெதையும் தொடமுதல், காதைப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறவுங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட் ஆனால் விடை கிடைத்துவிட்டது. மூடியின் அடிப்பக்கத்து ஸ்குரூக்களைக் கழற்றினால் உள்ளே சிறிய ஓட்டையும், சில மூடிகளில் ஒரு குண்டுமணி அளவு வால்வும் இருக்கும். இரண்டு வருடம் காய்ந்த பெற்றோல் பிசினும் உப்புத் தூசும் சேர்ந்து அதை அடைத்திருக்கும். காபரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதி, வாயால் ஊதிப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். செலவு ஒன்றுமில்லை.

சத்தம் கேட்கவில்லையா? சரி, அடுத்ததும் நின்ற இடத்திலேயே பார்க்கவேண்டியதுதான். வீட்டுக்கு வந்து குளிர்ந்த பிறகு பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். பைக்கை கராஜில் கொண்டுபோய் விட்டால் மெக்கானிக்குக் கோளாறு அகப்படாததற்கும் இதுதான் காரணம். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் முன்னால் அது நிற்கவே இல்லை. பையில் ஒரு புது பிளக் வைத்திருங்கள். நின்றதும் ஒரு சிலிண்டரின் பிளக் தொப்பியைக் கழற்றி, புது பிளக்கை அதில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு என்ஜினில் நன்றாக முட்டும்படி வைத்து செல்ஃப் அடியுங்கள். பளிச்சென்ற நீலப் பொறி வந்தால் மின்சாரம் சரி. மஞ்சளாக, சோர்வாக வந்தால், அல்லது வரவே வராவிட்டால், சூட்டில் கொயிலோ, எப்போது பொறி விடவேண்டும் என்று சொல்லும், என்ஜின் பக்கவாட்டில் உள்ள பிக்கப் கொயிலோ அறுகிறது. இரண்டு சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில் பொறி போனால் இரண்டு கொயிலும் ஒரே நாளில் செத்திருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டுக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: பிக்கப், பொறியைக் கட்டுப்படுத்தும் இக்னைட்டர் பெட்டி, சாவி ஸ்விட்ச், கில் ஸ்விட்ச். பொறி பார்ப்பதைப் பெற்றோல் குழாயில் கை வைக்கமுதல் செய்யுங்கள். பெற்றோல் மணக்கிற இடத்தில் பொறி பார்க்கப்போய் மீசையைக் கருக்கிக்கொண்டவர்கள் நம்மூரில் உண்டு.

பொறி நன்றாக இருந்தால் காபரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் ஸ்குரூ இருக்கும். அதன் கீழ் தெளிவான பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைப் பிடித்துத் திறந்துபாருங்கள். கிண்ணம் காலி என்றால் பெற்றோல் வரவில்லை. அந்தக் காலத்து பைக்குகளில் பெரும்பாலும் வெற்றிடத்தால் திறக்கும் பெற்றோல் டெப்தான் இருக்கும். என்ஜின் ஓடினால்தான் பெற்றோல் விடும், உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் தோல். அது இறுகியோ கிழிந்தோ இருந்தால் பாதி திறக்கும். டெப்பில் பி.ஆர்.ஐ என்று ஒரு நிலை இருந்தால் அதில் திருப்பி ஓட்டிப்பாருங்கள், அந்த நிலையில் வெற்றிடம் தேவையில்லை. அதில் நிற்காமல் ஓடினால் டெப்தான் குற்றவாளி. ஆனால் அதே நிலையில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடாதீர்கள். கிண்ணம் நிறைந்ததும் பெற்றோலை நிறுத்துகிற மிதவை ஊசி சரியாக மூடாவிட்டால் இரவோடு இரவாகப் பெற்றோல் சிலிண்டர் வழியாக ஒயிலுக்குள் இறங்கும். காலையில் ஒயில் மட்டம் கூடியிருந்து, பெற்றோல் மணமும் வந்தால் அந்த ஒயிலோடு ஒரு நிமிடம்கூட ஓட்டவேண்டாம். மாற்றியே ஆகவேண்டும்.

போத்தலில் பிடித்த பெற்றோலையும் கொஞ்சம் வெயிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் கண்ணாடி மணிபோல உருள்வது தண்ணீர். செம்மண் நிறத் தூள் துரு. பாதி டேங்கோடு கடற்காற்றில் நின்ற பைக்கில் இரண்டும் இருக்கும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் கான்களில் சேர்த்து வைத்த பெற்றோல் எத்தனை பைக்கை இப்படிப் படுக்கவைத்தது என்பது கராஜ்காரருக்குத்தான் தெரியும். துரு லேசாக இருந்தால் டேங்கைக் கழற்றி, டெப்பையும் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு, சிற்றிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து ஒரு இரவு ஊறவிடலாம். மறுநாள் கழுவி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே காயவைத்து, உடனே பெற்றோல் நிரப்பவேண்டும். கழுவிய டேங்கை ஒரு நாள் சும்மா வைத்தால், பழைய துருவே மேல் என்று தோன்றும் அளவுக்குப் புதுத் துரு பிடித்துவிடும்.

இன்னொரு சின்னச் சனியன் இருக்கிறது, சைட் ஸ்டாண்ட் ஸ்விட்ச். ஸ்டாண்ட் போட்டிருந்தால் கியர் விழுந்ததும் என்ஜினை நிறுத்துவதற்கென்று வைத்தது. தரைக்குப் பக்கத்தில், மணலும் உப்புத் தண்ணீரும் நேரே அடிக்கிற இடம். உள்ளே பாசி பிடித்தால், மேடு பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் "ஸ்டாண்ட் போட்டிருக்கிறது" என்று நினைத்து என்ஜினை வெட்டிவிடும். உங்களுடையது இருமி இருமி நிற்பதால் இது அல்ல என்றே நினைக்கிறேன். ஸ்விட்ச் வெட்டினால் சாவியைத் திருப்பியது போல ஒரேயடியாக நிற்கும். பெற்றோல் குறைந்தால் இருமும், இழுவை குறையும், பிறகு நிற்கும். நிற்கும் விதத்தையே கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

என்ஜினுக்குள் ஒரே ஒரு விலக்கு உண்டு. வால்வு இடைவெளி இறுகிப்போனால் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல், நிறுத்திய பிறகு சூடாக ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் பண்ணும். வால்வு இறுகினால் சத்தம் கூடுவதில்லை, குறையும். அதனால்தான் "டக் டக் சத்தமே இல்லை, என்ஜின் சூப்பர்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயம். இதற்கு என்ஜினை இறக்கத் தேவையில்லை. மேல் மூடியைத் திறந்து, முழுக் குளிரில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் அளந்து சரிசெய்கிற அரை நாள் வேலை.

இனி பற்றரி. நீங்கள் நினைப்பதுபோல இது தனிப் பிரச்சினையாக இருக்கலாம், ஒன்றோடு ஒன்று சம்பந்தப்பட்டும் இருக்கலாம். பற்றரி வோல்ட் விழுந்தால் பொறியும் பலவீனமாகும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றர் ஒன்று வாங்குங்கள். நீங்கள் கராஜுக்குக் கொடுத்த கொயில் காசில் பல மீற்றர் வாங்கியிருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு நாலு எண் எழுதவேண்டும்.

முதலாவது, இரவு முழுக்கச் சும்மா நின்ற பைக்கின் பற்றரியை அளவுங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் முதலில் வெளியில் சார்ஜ் பண்ணிவிட்டுத்தான் மற்றதை அளக்கவேண்டும். செத்த பற்றரியை வைத்து அளந்தால் எல்லா எண்ணும் பொய் சொல்லும். இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது 10க்குக் கீழே விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் பற்றரி ஆள் இல்லை. மூன்றாவது, ஹெட்லைட் எரிய, 5000 சுற்றில் என்ஜினைப் பிடித்தபடி பற்றரியின் இரு முனையிலும் அளவுங்கள். 13.8க்கும் 14.5க்கும் இடையில் வந்தால் சார்ஜிங் நலம். 13ஐத் தாண்டாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை விட்டுவிட்டது, பற்றரியை வேகவைக்கிறது. இதை என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு இன்னொருமுறை செய்யவேண்டும், ஏனென்றால் ரெகுலேட்டர் குளிரில் நல்ல பிள்ளை, சூட்டில்தான் குணம் காட்டும்.

நாலாவது கொஞ்சம் விவரமானது. என்ஜினில் இருந்து வரும் மூன்று ஒரே நிற வயர், அநேகமாக மஞ்சள், ரெகுலேட்டருக்குப் போகும். அந்தக் கொனெக்டரைக் கழற்றி, மீற்றரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, என்ஜின் ஓட, ஒன்றுக்கும் இரண்டுக்கும், இரண்டுக்கும் மூன்றுக்கும், மூன்றுக்கும் ஒன்றுக்கும் இடையே அளவுங்கள். மூன்று எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக வரவேண்டும், சுற்றுக் கூடக் கூட அதுவும் கூடவேண்டும். ஒரு ஜோடி மட்டும் விழுந்தால் என்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டர் எரிந்திருக்கிறது. என்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் என்ஜின் உடம்புக்கும் இடையே ஓம் பாருங்கள். தொடர்பே இருக்கக்கூடாது. ஸ்டேட்டர் நலமாக இருந்தும் மூன்றாவது எண் சரியாக வராவிட்டால் ரெகுலேட்டர், அல்லது நடுவில் உள்ள அந்தக் கொனெக்டர்.

அந்தக் கொனெக்டரைத்தான் நான் கொஞ்ச நேரம் பிடித்துக் காட்ட விரும்புகிறேன். வெள்ளை பிளாஸ்டிக்காக இருந்தது ஓரத்தில் தேநீர் நிறமாகியிருக்கும். ஒரு ஓட்டை மட்டும் கறுத்து, உருகி, பின்னை வெளியே விட மறுக்கும். இழுத்து எடுத்தால் பித்தளை பச்சைப் பூசணம் பூத்திருக்கும். உப்புக் காற்று பித்தளைக்குள் போய், தொடுமிடம் தேய்ந்து, தடை கூடி, அந்த இடம் சூடாகி, சூட்டில் இன்னும் தேய்ந்து, கடைசியில் உருகுகிறது. இந்த வட்டம் ஒருமுறை தொடங்கினால் நிற்காது. எவ்வளவு நல்ல ரெகுலேட்டர் வாங்கிப் போட்டாலும் இந்தக் கொனெக்டர் அதையும் தின்னும். 80களிலும் 90களிலும் வந்த ஹொண்டா வி.எஃப்.ஆர் போன்ற பைக்குகளில் ரெகுலேட்டர் எரிவது உலகத்துக்கே தெரிந்த கதை. அங்கேயும் பாதிப் பழி இந்தத் தொடுப்புக்குத்தான்.

என்னுடைய ஒரு பைக்கில் இந்தக் கொனெக்டரை ஒரு கராஜில் வெட்டி எறிந்துவிட்டு மூன்று வயரையும் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றித் தந்தார்கள். மூன்று மாதம் ஓடியது. மாரி மழை தொடங்கிய வாரம் டேப்புக்குள் தண்ணீர் போய், வயர் உள்ளுக்குள்ளேயே கறுத்துவிட்டது. வெட்டலாம், பரவாயில்லை. ஆனால் ஈயம் வைத்து ஒட்டி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடவேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது வேலையே அல்ல.

அடுத்தது எர்த். பற்றரியின் கறுப்பு வயர் என்ஜினிலும் சட்டத்திலும் பிடிக்கிற போல்ட்டைக் கழற்றி, வயர் பிரஷால் வெள்ளி நிறம் தெரியத் தேய்த்து, திரும்ப இறுக்கி, மேலே கொஞ்சம் வசலின் பூசுங்கள். சரியாக இருக்கிறதா என்பதை மீற்றரே சொல்லும். என்ஜின் ஓடும்போது ஒரு முள்ளைப் பற்றரியின் மைனஸ் முனையிலும் மற்றதை என்ஜின் உடம்பிலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ உப்பு இருக்கிறது. நம் பக்கத்தில் கல்லடி தொடங்கி கல்முனைப் பக்கம் வரை கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள மண் திடலில்தான் பல ஊரும். இரண்டு பக்கத்தாலும் உப்பு. பைக் ஓடாமல் நின்றாலும் இது நடக்கும், நின்றால்தான் கூட நடக்கும். கண்டியில் இருபது வருடம் ஓடிய பைக்கையும் கடற்கரையில் இரண்டு வருடம் படுத்த பைக்கையும் காட்டி எது வேண்டும் என்று கேட்டால், நான் கண்டிப் பைக்கைத்தான் எடுப்பேன்.

ரெகுலேட்டர் மாற்றவேண்டி வந்தால் கடைக்காரர் இந்தியப் பைக்கின் ரெகுலேட்டர் ஒன்றைத் தந்து "இதுவும் போகும்" என்பார். வயரை எண்ணுங்கள். உங்கள் ஸ்டேட்டருக்கு மூன்று வயர். இரண்டு ஏசி வயர் உள்ள ரெகுலேட்டர் அதற்குப் பொருந்தாது, பிளக் எப்படிப் பொருந்தினாலும். மூன்று வயருக்கான மொஸ்ஃபெட் வகை கிடைத்தால் அதைப் போடுங்கள், பழைய வகையை விடச் சூடு குறைவு.

காபரேட்டரைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். சொக் இல்லாமல் ஐடில் நிற்காது, ஆனால் வேகத்தில் நன்றாக ஓடுகிறது என்றால் ஐடிலுக்குப் பெற்றோல் விடும் சின்ன ஓட்டையான பைலட் ஜெட் அடைப்பு. அதைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தால் வட்டமான வெளிச்சப் புள்ளி தெரியவேண்டும். தெரியாவிட்டால் கிளீனரில் ஊறவிட்டுக் காற்றடியுங்கள். ஊசி, பின் போட்டுக் குத்தக்கூடாது, பித்தளை ஓட்டை பெரிதானால் திரும்பச் சின்னதாகாது. மின்வயரின் ஒற்றைச் செம்பு இழை போதும். கிளீனர் அடிக்கமுதல் மேல் மூடியைத் திறந்து ரப்பர் டயாஃப்ரமை எடுத்துவிடுங்கள். அது கிளீனர் பட்டால் ஊதிப்போகும், இங்கே புதிது தேடி அலையவேண்டும். இரண்டு காபரேட்டரையும் கழற்றிப் பூட்டிய பிறகு வெற்றிட அளவீட்டால் சமப்படுத்தவேண்டும், காதால் அல்ல. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் பழைய பைக்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். காற்று ஃபில்டர் அடைத்து, பைலட் ஸ்குரூவை யாரோ மனம்போனபடி திருப்பி வைத்திருப்பார்கள். பரிசோதனைக்கு முதல் நாள் போய்ச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

எல்லப் பயணத்துக்கு எனக்குக் கவலை தருவது இனி வருகிறவைதான். பொத்துவில் வரை கடற்கரைச் சமதரை, அங்கே பைக் எதையும் மறைத்துவிடும். வெல்லவாயவில் இருந்து எல்லக்கு ஏறும்போது மெதுவான வேகம், கனத்த இழுவை, பின்னால் ஆள், மேலே வெயில். குளிர்விக்கும் முறையில் உள்ள குறை அங்கே வெளியே வரும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் றேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறம் பாருங்கள். பச்சையோ நீலமோ தெளிவாக இருந்தால் நல்லது. துருநிறச் சேறு என்றால் முன்னவர் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார். நம்மூர்க் கிணறு பலதில் கேத்தலில் படிகிற அந்த வெள்ளைப் படலம்தான் றேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். கூலன்ட்டும் பற்றரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியையும் மாற்றுங்கள். அழுத்தம் கசியாமல் உள்ளே இருந்தால்தான் தண்ணீரின் கொதிநிலை கூடும்.

ஃபான் சுற்றுகிறதா என்று வீட்டில் பாருங்கள். நிறுத்தி வைத்து ஓடவிட்டு, சூட்டு முள் மேலே போகும்போது ஃபான் தானாகத் தொடங்கவேண்டும். தொடங்காவிட்டால் என்ஜினை நிறுத்தி, ஃபான் ஸ்விட்சின் வயரைக் கழற்றி, சாவியைப் போட்டு, அந்த வயரை எர்த்தில் தொட்டுப் பாருங்கள், இரண்டு வயர் இருந்தால் இரண்டையும் இணையுங்கள். சுற்றினால் ஸ்விட்ச் பழுது, சுற்றாவிட்டால் மோட்டாரோ ஃபியூஸோ. தண்ணீர்ப் பம்பின் அடியில் ஒரு சிறு துவாரம் இருக்கும், அதில் சொட்டு வடிந்தால் உள்ளே சீல் போகிறது. அதை யாராவது சிலிக்கன் வைத்து அடைத்துவிட்டால் தண்ணீர் ஒயிலுக்குள் போகும். பாலூற்றிய தேநீர் போல ஒயில் தெரிந்தால் அதுதான்.

ஏறியது இறங்கவும் வேண்டும். பிறேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 ஒயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு அது 155 வரை இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிறேக்கைப் பிடித்தபடியே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும், உள்ளே ஆவிக் குமிழ் உருவாகி லீவர் கைப்பிடி வரை வந்து முட்டும். இரண்டு வருடம் படுத்த பைக்கின் பிறேக் ஒயிலை நிறம் பார்க்கத் தேவையில்லை, மாற்றுங்கள். பழைய பைக்கில் இன்னொன்றும் உண்டு: போகப்போக முன்பிறேக் தானாக இறுகும், நிறுத்தி ஆறவிட்டால் விட்டுவிடும். மேலே மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசிமுனை அளவில் திரும்பு துவாரம் ஒன்று இருக்கிறது, அதை வெள்ளைக் கட்டி அடைத்திருக்கும். கேலிப்பரைக் கழற்றி அலைகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப்பாருங்கள், பிறேக் பிடித்து விட்டவுடன் தாராளமாகச் சுற்றவேண்டும்.

டயரில் பூ எவ்வளவு இருக்கிறது என்பதை விட வயது முக்கியம். பக்கவாட்டில் டொட் எழுத்துக்களின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அப்படியொரு டயர் பூ நிறைய இருந்தாலும் எனக்கு வேண்டாம், மழையில் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். அறுவடைக் காலத்தில் றோட்டோரம் நெல் காயப்போடுவார்கள், அதன்மேல் பிறேக் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சாமான் விஷயம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்குகளுக்கு விலை ஏறியது, அவற்றின் சாமானுக்கும் ஏறியது. கம்பனிப் பெயர் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்பார்கள், அல்லது கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போகச் சொல்வார்கள். பெயரை விட்டுவிட்டு எண்ணைக் கேளுங்கள். சக்கர பெயரிங்கின் ஓரத்தில் 6203 மாதிரி எண் அடித்திருக்கும், அந்த எண் எந்த பெயரிங் கடையிலும் ஒன்றுதான். முன் ஃபோர்க்கின் ஒயில் சீலுக்கு உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு மூன்றையும் அளந்துகொண்டு போங்கள். கல்முனையில் எனக்கு அப்படித்தான் கிடைத்தது, ஏதோ வேறு வண்டிக்கு வந்தது. பிளக்கில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம், போலி நிறைய உலாவுகிறது.

எல்லக்கு நேரே கிளம்பமுதல் ஒரு நாள் வெள்ளோட்டம் விடுங்கள். களுவாஞ்சிக்குடியில் இருந்து அக்கரைப்பற்று, அங்கிருந்து அம்பாறை, காரைதீவு வழியாகத் திரும்ப வீடு. போகிற வழியெல்லாம் ஊரும் கராஜும் இருப்பதால் நின்றாலும் தள்ளிக்கொண்டு போகிற தூரத்தில் யாராவது இருப்பார்கள். டேங்கைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டே போங்கள், நிற்கிறதென்றால் அது இங்கேயே நிற்கட்டும். பையில் மீற்றர், பிளக் ஒன்று, ஃபியூஸ், பிளக் ஸ்பானர், தெளிவான போத்தல், கொஞ்சம் வயர், கேபிள் டை. அந்த வெள்ளோட்டம் இரண்டு முறை நிற்காமல் முடிந்தால் எல்லக்குப் போகலாம். பொத்துவிலை விடிந்த பிறகு தாண்டுங்கள், லாகுகலைக்குப் பக்கத்தில் யானைக்கு நம் ஹெட்லைட் ஒரு பொருட்டல்ல. சியம்பலாண்டுவையில் தேநீர் குடிக்கும்போது செயினை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் கூட இறுக்கிவிட்டீர்கள்.

மூடியைத் திறந்தபோது சத்தம் கேட்டதா என்பதையும், அந்த நாலு எண்ணையும் எழுதுங்கள். மூன்றாவது எண்ணைக் குளிரில் ஒன்று, சூட்டில் ஒன்று என்று இரண்டாக எழுதுங்கள். அதைப் பார்த்தபிறகு ரெகுலேட்டர் வாங்குவதா வேண்டாமா என்று சொல்கிறேன், அதுவரைக்கும் ஒரு சாமானும் வாங்கவேண்டாம்.